வாசகர் கேள்வி – பதில்: ஸ்கேட்போர்டின் முதல் வீராங்கனைகள்

விளையாட்டுப் பகுதிக்கு வந்த கடிதங்களில் பல, பெண்கள் ஸ்கேட்போர்டிங்கின் தொடக்க காலத்தைப் பற்றியும், குறிப்பாக அமெரிக்க வீராங்கனை பேட்டி மெக்கீயைப் பற்றியும் கேட்டிருப்பதால், அவற்றுக்கான பதில்களை இந்த இதழில் ஒரே இடத்தில் தருகிறோம்.

கேள்வி: பழைய அமெரிக்க இதழ் ஒன்றின் அட்டையில், உருண்டோடும் ஸ்கேட்போர்டின் மேல் ஓர் இளம்பெண் கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கும் படத்தைப் பார்த்தேன். அவர் விளையாட்டு வீராங்கனையா, சர்க்கஸ் கலைஞரா? (விழுப்புரத்திலிருந்து ஒரு வாசகி)

அவர் வீராங்கனைதான். நீங்கள் பார்த்தது ‘லைஃப்’ வார இதழின் 1965 மே 14 தேதியிட்ட அட்டையாக இருக்க வேண்டும். படத்தில் இருப்பவர் பேட்டி மெக்கீ. அப்போது அவருக்கு வயது 19. அதற்கு முந்தைய ஆண்டு கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவில் நடந்த தேசியப் போட்டியில் பெண்கள் பிரிவில் பட்டம் வென்றிருந்தார். படத்தை எடுத்தவர் பில் எப்ரிட்ஜ். மூன்று ஆண்டுகள் கழித்து, அமெரிக்க அரசியல் தலைவர் ராபர்ட் கென்னடி சுடப்பட்டு ஓட்டலின் சமையலறைத் தரையில் கிடந்த காட்சியைப் பதிவு செய்தவரும் இவரே.

மெக்கீ சான் டியகோவில் வளர்ந்தவர். ஸ்கேட்போர்டுக்கு வருவதற்கு முன்பே கடலில் அலைச்சறுக்கு ஆடிக்கொண்டிருந்தவர். அந்தக் கடற்கரையில் அன்று ஸ்கேட்போர்டு ஏறிய ஏறக்குறைய எல்லாரும் அப்படி வந்தவர்கள்தாம்: அலை எழாத நாட்களில் சும்மா இருக்க மனமில்லாத இளைஞர்கள், தண்ணீரில் செய்ததைத் தெருச் சரிவுகளில் செய்து பார்த்தார்கள். அவருடைய முதல் பலகையைக் கடையில் வாங்கவில்லை. மரவேலை வகுப்பில் அவருடைய சகோதரர் ஒரு பலகையை அறுத்து, மெக்கீயின் ரோலர் ஸ்கேட்டிலிருந்தே சக்கரங்களைக் கழற்றிப் பொருத்திக் கொடுத்தார்.

பட்டம் வென்ற பிறகு, ஹோபி ஆல்டர் என்ற பெயர்பெற்ற அலைச்சறுக்குப் பலகைத் தயாரிப்பாளரும், விட்டா-பாக்ட் என்ற பழச்சாறு நிறுவனமும் கூட்டாக நடத்திய ஸ்கேட்போர்டு வணிகத்தில் மெக்கீ சம்பளத்துக்கு அமர்த்தப்பட்டார். பழச்சாறு விற்பவர்களுக்கு ஸ்கேட்போர்டில் என்ன வேலை என்று தோன்றலாம். அந்த ஓரிரு ஆண்டுகளில் பலகையும் நான்கு சக்கரமும் கிடைத்த எல்லாருமே அந்த வணிகத்தில் இறங்கினார்கள். நாடெங்கும் பயணம் செய்து, பல்பொருள் அங்காடிகளில் கூடியிருப்பவர்கள் முன்னால் ஆடிக் காட்டுவது மெக்கீயின் வேலை. ஆட்டத்துக்காக ஊதியம் பெற்ற முதல் பெண் என்று அவரைச் சொல்வது இந்த அடிப்படையில்தான். ஜானி கார்சனின் இரவு நிகழ்ச்சியிலும், விருந்தினரின் தொழில் என்னவென்று கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்கும் ‘வாட்ஸ் மை லைன்’ என்ற தொலைக்காட்சிப் போட்டியிலும் அவர் தோன்றினார். ஸ்கேட்போர்டு ஆடுவது ஒரு பெண்ணின் தொழிலாக இருக்கும் என்று அன்று யாருக்கும் எளிதில் தோன்றாது என்பதே அவரை அந்த நிகழ்ச்சிக்குப் பொருத்தமான விருந்தினர் ஆக்கியது.

கேள்வி: கைகளில் நிற்பதெல்லாம் போட்டியில் சேருமா? அந்தக் காலத்தில் எதை வைத்து மதிப்பெண் போட்டார்கள்? (கோவையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

சேர்ந்தது மட்டுமல்ல, அதுவே மெக்கீயின் அடையாளமாகவும் இருந்தது. இதைப் புரிந்துகொள்ள அன்றைய பலகையைப் பார்க்க வேண்டும். இன்றைய ஸ்கேட்போர்டின் இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. பின்முனையைக் காலால் தட்டினால் முன்முனை எழும். ஆலி என்று சொல்லப்படும், கையால் தொடாமலே பலகையோடு துள்ளி எழும் வித்தைக்கு அதுவே ஆதாரம். 1964-இல் இருந்ததோ தட்டையான, குறுகலான, குட்டையான ஒரு மரப்பலகை. வளைந்த பின்முனையை லாரி ஸ்டீவன்சன் என்ற தயாரிப்பாளர் கொண்டுவந்தது 1960-களின் இறுதியில். ஆலி பிறந்தது அதற்கும் ஏறத்தாழ பத்து ஆண்டுகள் கழித்து, ஃபுளோரிடாவில், ஆலன் கெல்ஃபாண்ட் என்ற சிறுவனின் கால்களில். ஆகவே மெக்கீயின் தலைமுறைக்கு வானத்தில் பறக்க வழியே இல்லை. தரையை விட்டுப் பிரியாமல் என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி. வரிசையாக வைத்த தடைகளுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம், சமதளத்தில் சுழற்சி, ஒற்றைக்கால் நிலை, கைநிலை போன்றவற்றைக் கோத்து ஆடும் ஃப்ரீஸ்டைல் ஆகியவையே போட்டியின் உள்ளடக்கம். ஜிம்னாஸ்டிக்ஸும் பனிச்சறுக்கு நடனமும் அதில் கலந்திருந்தன.

ஓடும் பலகையில் கைநிலை எடுப்பது, தரையில் எடுப்பதைப் போன்றதல்ல. பலகையை முதலில் வேகமாக உருள விட வேண்டும். குனிந்து அதன் இரு ஓரங்களையும் பற்றிக்கொண்டு கால்களை உதைத்து மேலே எழ வேண்டும். எழும் கணத்தில் உடலின் எடை ஒரு பக்கம் சிறிது கூடினாலும், அடியில் இருக்கும் டிரக் என்ற இரும்பு அச்சு அந்தப் பக்கமே திரும்பிவிடும். தரையில் சமநிலை தவறினால் கையை ஓரடி நகர்த்திச் சரிசெய்யலாம். இங்கே கை நகராது, பலகையும் நிற்காது. இதையெல்லாம் மெக்கீ வெறுங்காலோடு செய்தார், தலைக்கவசமும் இல்லை.

இதை மேலும் ஆபத்தாக்கியவை சக்கரங்கள். உள்ளரங்குகளின் வழவழப்பான மரத்தளத்தில் ரோலர் ஸ்கேட் ஓட்டுவதற்காகச் செய்யப்பட்ட களிமண் கலவைச் சக்கரங்கள் அவை. தார்ச்சாலையில் அவற்றுக்குப் பிடிமானம் கிடையாது, விரைவில் தேயும். சக்கரத்துக்குள் இருக்கும் பேரிங் குண்டுகள் உதிர்ந்து சிதறுவதும் வழக்கம். ஒரு சிறு கல் குறுக்கே வந்தால் சக்கரம் சட்டென நின்றுவிடும், மேலே இருப்பவர் நிற்காமல் போய்க்கொண்டிருப்பார். இத்தகைய சக்கரங்களின் மேல் மெக்கீ 1964-இல் ஒரு மோட்டார் சைக்கிளின் பின்னால் இழுத்துச் செல்லப்பட்டு மணிக்கு 47 மைல், அதாவது ஏறத்தாழ 75 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். அன்று ஸ்கேட்போர்டில் மிக வேகமாகச் சென்ற பெண் என்ற சாதனை அவருடையதாயிற்று. என்னைக் கேட்டால், கைநிலையைவிட இதுவே அவருடைய துணிச்சலுக்குச் சரியான சான்று. ஆனால் படமாக நின்றது கைநிலைதான்.

கேள்வி: அவ்வளவு புகழ் பெற்றவர் ஏன் ஓரிரு ஆண்டுகளில் காணாமல் போனார்? திருமணம் காரணமா? (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

வீராங்கனை ஒருவர் ஆட்டத்தை விட்டால் திருமணத்தைக் காரணமாகச் சொல்வது நமக்குப் பழகிப்போன ஊகம். இவர் விஷயத்தில் ஆள் ஆட்டத்தை விடுவதற்கு முன்பே ஆட்டம் ஆளை விட்டுவிட்டது.

‘லைஃப்’ அட்டையையே மறுபடி பாருங்கள். படம் மெக்கீயைக் கொண்டாடுகிறது. அதனுடன் அச்சான தலைப்போ ஸ்கேட்போர்டு மோகத்தையும் அதன் ஆபத்தையும் ஒரே மூச்சில் பேசுகிறது. எலும்பு முறிவுகளோடு பிள்ளைகள் மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டிருந்தார்கள். மருத்துவர்களும் பாதுகாப்பு அமைப்புகளும் எச்சரித்தனர். நகரம் நகரமாகத் தெருக்களில் ஸ்கேட்போர்டு தடைசெய்யப்பட்டது. பழி ஆடுகிறவர்கள்மேல் விழுந்தது, ஆனால் குற்றத்தில் பெரும்பங்கு மேலே சொன்ன சக்கரங்களுடையது. 1965 முடிவதற்குள் சந்தை சரிந்து, விற்காத பலகைகள் கிடங்குகளில் தேங்கின. வாங்க ஆளில்லாத பொருளை ஆடிக் காட்டுவதற்குச் சம்பளம் கொடுப்பவர் யார்?

அன்று அந்த ஆட்டத்துக்கென்று வந்துகொண்டிருந்த காலாண்டிதழான ‘ஸ்கேட்போர்டர்’ நான்கே இதழ்களோடு நின்றுபோனது. அந்த நான்காவது இதழின் அட்டையில் இருந்தவரும் மெக்கீதான். அதன் பிறகு அந்த இதழ் மீண்டும் வெளிவர 1975 ஆயிற்று.

மெக்கீ டாஹோ ஏரிப் பகுதிக்குச் சென்று பனிச்சறுக்கில் ஈடுபட்டார். நெவாடாவில் டர்காய்ஸ் என்ற நீலப்பச்சை நிற அணிகலன் கல்லை வெட்டியெடுக்கும் தொழில் செய்தார். தோல் வேலைப்பாடுகளில் இறங்கினார். பின்னர் அரிசோனாவில் வாழ்ந்தார். பல ஆண்டுகள் கழித்து அவருடைய பெயர் மீண்டும் பேசப்பட்டபோது மகளுடன் சேர்ந்து, ஸ்கேட்போர்டு ஆடும் பெண்களுக்கான ஒரு சிறு நிறுவனத்தில் பங்கேற்றார். 2010-இல் ஸ்கேட்போர்டிங் புகழரங்கில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. 2024 அக்டோபரில், தமது 79-ஆம் வயதில், கலிபோர்னியாவில் காலமானார்.

கேள்வி: ஒரு இடத்தில் மெக்கீயை ‘முதல் தொழில்முறை வீராங்கனை’ என்கிறார்கள். வேறிடத்தில் எலிசா ஸ்டீமர் என்கிறார்கள். காரா-பெத் பர்ன்சைடு என்றும் படித்தேன். எது சரி? (திருச்சியிலிருந்து ஒரு ஆசிரியை)

மூன்றும் சரியாக இருக்க முடியும் என்பதுதான் இந்த ஆட்டத்தின் விசித்திரமான வரலாறு. கிரிக்கெட் போலவோ டென்னிஸ் போலவோ ஸ்கேட்போர்டிங் தொடர்ச்சியாக வளர்ந்த விளையாட்டு அல்ல. அது 1965-இல் ஒருமுறை செத்தது. 1980-ஐ ஒட்டி மறுபடி செத்தது. 1990-களின் தொடக்கத்தில் மூன்றாம் முறை மூச்சுத் திணறியது. ஒவ்வொரு முறை அது எழுந்தபோதும், பெண்களுக்கான போட்டிப் பிரிவு, ஒப்பந்தம், பரிசுத்தொகை எல்லாவற்றையும் யாரேனும் ஒரு பெண் முதலிலிருந்து கேட்டு வாங்க வேண்டியிருந்தது. முந்தையவர் திறந்த கதவு இவர் வரும்போது சுவராகியிருந்தது.

1970-களின் எழுச்சிக்குக் காரணம் ஒரு வேதிப்பொருள். ஃபிராங்க் நாஸ்வொர்தி என்பவர் பாலியூரித்தேன் சக்கரங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அவை சாலையைப் பற்றிக்கொண்டன, சிறு கற்களை ஏறிக் கடந்தன. 1975-இல் கலிபோர்னியாவின் டெல் மார் நகரில் நடந்த போட்டியில், பெரும் பரபரப்பை ஏற்படுத்திய செஃபைர் அணியின் ஒரே பெண்ணான பெகி ஓக்கி, பெண்கள் ஃப்ரீஸ்டைலில் முதலிடம் பெற்றார். அவருடைய ஆட்டத்தில் கைநிலைக்கு இடமில்லை. முழங்கால்களை மடக்கித் தரையை ஒட்டித் தாழ்ந்து, அலையில் திரும்புவதுபோல் திரும்பும் பாணி அது. அதே காலத்தில் லாரா தார்ன்ஹில் தமது பெயர் பொறித்த பலகை விற்பனைக்கு வரும் அளவுக்கு உயர்ந்தார். பிறகு காப்பீட்டுச் செலவு தாங்காமல் ஸ்கேட் பார்க்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட, இவர்களின் காலமும் முடிந்தது.

காரா-பெத் பர்ன்சைடு அந்தப் பார்க்குகளின் கடைசிக் காலத்தில், கலிபோர்னியாவின் ஆரஞ்சு நகரில் இருந்த ‘பிக் ஓ’ பார்க்கில் ஆடப் பழகியவர். பார்க்குகள் மறைந்த பின்னும் விடாமல், செங்குத்தான சுவர் கொண்ட ராம்ப்பில் ஆடும் வெர்ட் பிரிவைப் பிடித்துக்கொண்டார். 1989-இல் முன்னணி ஸ்கேட் இதழான ‘திராஷர்’ அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்; 1990-களில் வேன்ஸ் நிறுவனம் அவருடைய பெயரில் ஒரு காலணியை வெளியிட்டது. ஆனால் போட்டியிட அவருக்கு ஆளில்லை, பிரிவில்லை. ஆகவே பனியில் பலகைமேல் சறுக்கும் ஸ்னோபோர்டிங்கிலும் இறங்கி, 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில், அரைக்குழாய் வடிவப் பனித்தடத்தில் ஆடும் ஹாஃப்பைப் பிரிவில் நான்காம் இடம் பெற்றார். ஸ்கேட்போர்டில் நாட்டின் மிகச் சிறந்த வெர்ட் வீராங்கனையாக இருந்தவர் ஒலிம்பிக் மேடையைத் தொட வேறொரு விளையாட்டுக்குப் போக வேண்டியிருந்தது என்பதை ஆசிரியையான நீங்கள் வகுப்பில் தாராளமாகச் சொல்லலாம்.

எலிசா ஸ்டீமர் ஃபுளோரிடாக்காரர். அவருடைய களம் ராம்ப் அல்ல, தெரு. படிக்கட்டு, கைப்பிடிக் கம்பி, திண்ணை ஆகியவற்றில் ஆடும் ஸ்ட்ரீட் பிரிவு 1990-களில் ஆட்டத்தின் மையமாகிவிட்டிருந்தது. அந்தக் காலத்தில் ஒருவரின் தகுதியைத் தீர்மானித்தவை போட்டிகளைவிட நிறுவனங்கள் வெளியிட்ட வீடியோக்களே. 1996-இல் டாய் மெஷின் என்ற ஸ்கேட்போர்டு நிறுவனத்தின் வீடியோவில் ஆண்களுக்கு நிகராக ஸ்டீமருக்கென்றே ஒரு முழுப் பகுதி ஒதுக்கப்பட்டது. 1998-இல் அந்த நிறுவனம் அவரைத் தொழில்முறை ஆட்டக்காரராக அறிவித்தது. இன்றைய ஸ்கேட்போர்டிங்கில் ‘புரோ’ என்பதற்கு, நிறுவனம் உங்கள் பெயரில் பலகை வெளியிடுகிறது என்று பொருள். அந்தப் பொருளில், நவீன ஸ்ட்ரீட் ஆட்டத்தின் முதல் புரோ வீராங்கனை ஸ்டீமர். மறு ஆண்டு, புகழ்பெற்ற ஸ்கேட்போர்டு வீரர் டோனி ஹாக் பெயரில் வெளிவந்த வீடியோ கேமில் இடம்பெற்ற ஆட்டக்காரர்களில் ஒரே பெண்ணும் அவர்தான். சாகச விளையாட்டுகளுக்கான பெரிய போட்டித் தொடரான எக்ஸ் கேம்ஸின் பெண்கள் ஸ்ட்ரீட் பிரிவில் 2004, 2005, 2006, 2008 ஆகிய ஆண்டுகளில் தங்கம் வென்றார்.

எனவே உங்கள் மாணவர்கள் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள்: ஆடுவதற்குச் சம்பளம் பெற்ற முதல் பெண் மெக்கீ, முன்னணி ஸ்கேட் இதழான ‘திராஷர்’ அட்டையில் வந்த முதல் பெண் பர்ன்சைடு, ஸ்ட்ரீட் ஆட்டத்தில் புரோ ஆன முதல் பெண் ஸ்டீமர்.

கேள்வி: ஒரே ஒரு தேசியப் பட்டம், ஓராண்டுப் புகழ். அழகான பெண் என்பதால் படம் பிரபலமானது, பலகை விற்றது. இதை முன்னோடி என்பது சற்று மிகையல்லவா? (சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

உங்கள் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. மெக்கீயின் ஆட்டநுட்பம் பின்வந்தவர்களுக்குப் பெரிதாகக் கைமாறவில்லை. கைநிலை ஃப்ரீஸ்டைலோடு ஒதுங்கிவிட்டது. இன்று பார்க்கிலும் தெருவிலும் ஆடும் பெண்களின் உடல்மொழியைத் தேடினால் பெகி ஓக்கியின் அணிவரை போகலாம், மெக்கீ வரை போக முடியாது. அவரை வேலைக்கு வைத்தவர்கள் விற்பனைக்காகவே வைத்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அன்று ஆண் ஆட்டக்காரர்களை அமர்த்தியதும் அதே விற்பனைக்காகத்தான். அவர்களை யாரும் விளம்பரப் பொம்மை என்று சொல்வதில்லை. தேசியப் போட்டி என்ற ஒன்று தொடங்கியபோதே பெண்கள் பிரிவும் அதில் இருந்தது, அதில் வென்றவருக்கு வேலை கிடைத்தது என்ற இரண்டு தகவல்களும் மெக்கீயால்தான் ஆவணத்தில் நிற்கின்றன. பிற்காலத்தில், இது ஆண்களின் விளையாட்டு, பெண்கள் புதிதாக நுழைகிறார்கள் என்று பேசப்பட்டபோதெல்லாம் எடுத்துக் காட்ட ஓர் அட்டைப்படம் இருந்தது. பட்டங்களை எண்ணினால் ஸ்டீமருக்கு முன்னால் மெக்கீ நிற்க முடியாது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: பரிசுத்தொகையில் ஆண், பெண் வேறுபாடு இன்னும் இருக்கிறதா? (நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி)

பெரிய போட்டிகளில் இல்லை. ஆனால் அது தானாக நீங்கவில்லை. 2005 எக்ஸ் கேம்ஸில் ஆண் வெற்றியாளருக்கு 50,000 டாலர் கிடைத்தபோது பெண் வெற்றியாளருக்கு 2,000 டாலர்தான் கிடைத்தது. அதாவது இருபத்தைந்து மடங்கு வேறுபாடு. பர்ன்சைடும் சக வீராங்கனை மிமி நூப்பும் சேர்ந்து ‘ஆக்‌ஷன் ஸ்போர்ட்ஸ் அலையன்ஸ்’ என்ற அமைப்பை உருவாக்கி, போட்டியைப் புறக்கணிக்கத் தயாராக நின்று பேச்சு நடத்தினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் தொகை படிப்படியாக உயர்ந்து, அந்தப் பத்தாண்டின் முடிவில் இரு பாலருக்கும் சமமாயிற்று. ஸ்பான்சர்ஷிப் ஒப்பந்தங்கள் வேறு கணக்கு. அவற்றுக்குப் பொதுவான அளவுகோல் கிடையாது.

கேள்வி: ஒலிம்பிக்கில் சிறுமிகளே பதக்கம் வெல்கிறார்களே, வயது வரம்பு இல்லையா? (சென்னையிலிருந்து ஒரு பள்ளி மாணவி)

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் ஸ்கேட்போர்டிங் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. அதற்குக் குறைந்தபட்ச வயது வரம்பு வைக்கப்படவில்லை. ஸ்ட்ரீட், கிண்ணம்போல் குழிந்த தளத்தில் ஆடும் பார்க் ஆகிய இரண்டு பிரிவுகளிலும் ஆண்கள் 20 பேர், பெண்கள் 20 பேர் என்று சம இடங்கள் ஒதுக்கப்பட்டன. பெண்கள் ஸ்ட்ரீட்டில் ஜப்பானின் மோமிஜி நிஷியா தங்கமும் பிரேசிலின் ராய்சா லியால் வெள்ளியும் பெற்றபோது இருவருக்கும் வயது 13. பார்க் பிரிவில் வெள்ளி வென்ற ஜப்பானின் கோகோனா ஹிராகிக்கு 12. வெண்கலம் வென்ற பிரிட்டனின் ஸ்கை பிரவுனுக்கு 13.

உடல் எடை குறைவாக இருப்பதும், விழுந்து எழுவதில் அச்சமின்மையும் சிறுமிகளுக்குச் சாதகம்தான். அதைவிட முக்கியமானது, இவர்கள் நான்கைந்து வயதிலேயே தரமான பார்க்குகளில் பயிற்சியைத் தொடங்கி, பத்து வயதுக்குள் சர்வதேசப் போட்டிகளைப் பார்த்துவிட்டவர்கள் என்பது. டோக்கியோ ஸ்ட்ரீட் போட்டியில் 45 வினாடி ஆட்டம் இரண்டு, தனி வித்தைகள் ஐந்து என ஏழு முயற்சிகளில் சிறந்த நான்கின் மதிப்பெண்கள் மட்டுமே கூட்டப்பட்டன. மூன்று முறை விழுந்தாலும் தங்கம் வெல்ல வாய்ப்புண்டு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் விதி சற்று மாறியது: ஒரு சிறந்த ஆட்டமும் இரண்டு சிறந்த வித்தைகளும் சேர்க்கப்பட்டன. அங்கே ஸ்ட்ரீட்டில் தங்கம் வென்ற கோகோ யோஷிசாவாவுக்கும், பார்க்கில் தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் அரிசா ட்ரூவுக்கும் வயது 14. அடுத்த ஒலிம்பிக் 2028-இல் லாஸ் ஏஞ்சலிஸில் நடக்கிறது. ஸ்கேட்போர்டிங் அதிலும் உண்டு.